போண்டாயிலிருந்து மலபார் வரை: சிட்னி கடலோரம் நடந்த நாட்கள்

அக்டோபர் 4, 2024, வெள்ளி: போண்டாய் முதல் பிரான்டி வரை

தங்கை வீடு சிட்னியின் மேற்கே, பெண்டில் ஹில்லில் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு ரயிலும் பஸ்ஸுமாக ஒன்றரை மணி நேரம். நான் வந்து இரண்டு வாரம் ஆகியும் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "தரங்கம்பாடிக்காரி கடல் வேண்டாங்கறியேக்கா" என்று அவளே லீவு போட்டுக் கூட்டிப் போனாள்.

காரணம் அவளுக்கும் தெரியும். 2004 டிசம்பருக்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் கடலைத் தூரத்தில் வைத்தே பழகிவிட்டேன். கோட்டைக்கு முன்னால் நின்று பார்ப்பேன். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கொட்டியிருக்கிற கருங்கற்களைத் தாண்டிப் போகமாட்டேன்.

போண்டாயில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முகத்தில் அறைகிற மாதிரி காற்று. வெயில் சுள்ளென்று இருந்தது, நிழலுக்குப் போனால் குளிர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன். கடற்கரையின் தென்கோடியில் பாறையை ஒட்டி ஒரு நீச்சல் குளம், ஐஸ்பெர்க்ஸ். பெரிய அலை வந்தால் சுவரைத் தாண்டிக் குளத்துக்குள் விழுகிறது. உள்ளே நீந்துகிறவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. 1929-இல் தொடங்கிய கிளப். குளிர்காலத்தில் நான்கு ஞாயிறுக்கு மூன்று ஞாயிறாவது நீந்த வேண்டும், அப்படி ஐந்து வருடம் நீந்தினால்தான் உறுப்பினர் ஆகலாமாம். காசு கட்டினால் கிடைக்கிற இடம் இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

போண்டாய் என்பது அந்த மண்ணின் பழங்குடிகள் வைத்த பெயர். பாறையில் அலை மோதி உடைகிற ஓசை என்று பொருள் சொல்கிறார்கள். தங்கை இதைச் சொன்னபோது நான் நின்றுவிட்டேன். தரங்கம் என்றால் அலை. அலை பாடுகிற இடத்திலிருந்து கிளம்பி, அலை உடைகிற இடத்துக்கு வந்திருக்கிறேன்.

அங்கிருந்து கூஜி வரைக்கும் ஆறு கிலோமீட்டர், எல்லாம் சிமென்ட் பாதையும் மரப்பலகைப் பாதையும்தான். நடை சுலபம். படிக்கட்டுகள்தான் முழங்காலைப் பிடிக்கின்றன. ஒவ்வொரு சின்னக் கடற்கரைக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். பாதையின் ஒரு பக்கம் மஞ்சள் மணற்பாறை. காற்றும் உப்பும் அரித்து அரித்துத் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஆகியிருக்கிறது. தொட்டால் கையில் மணல் ஒட்டுகிறது. மேலே பல கோடி மதிப்புள்ள வீடுகள். அந்த வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே யார் வேண்டுமானாலும் நடக்கிறார்கள். ஓடுகிறவர்கள், பிள்ளை வண்டி தள்ளுகிறவர்கள், ஈர உடம்போடு செருப்பில்லாமல் போகிறவர்கள். எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் "மார்னிங்" சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் தயங்கினேன். டாமராமா வருவதற்குள் நானே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.

பிரான்டி பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளிசாதம், ஆமவடை. ஒரு வெள்ளைக் கடல்புறா சிவந்த கால்களோடு தத்தித் தத்திப் பக்கத்தில் வந்தது. பாவமாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பின்னாலிருந்து வந்து, வாய்க்குக் கொண்டுபோன வடையைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. விரலில் லேசான கீறல். பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்து, தன் பையிலிருந்து மருந்து தடவிய துணியும் பிளாஸ்திரியும் கொடுத்தார். பெயர்கூடக் கேட்காமல் போய்விட்டார். காபி ஒன்று ஐந்தரை டாலர். நம் காசுக்கு முந்நூறுக்கு மேல். நல்ல காபிதான், ஆனால் இரண்டாவது வாங்க மனம் வரவில்லை.

அக்டோபர் 5, சனி: பிரான்டி முதல் கூஜி வரை

இன்று தங்கை மகள் துணை. பள்ளி விடுமுறை. பதினைந்து வயது, தமிழ் புரியும், பதில் பாதி இங்கிலீஷில் வரும். ஆனால் "பெரியம்மா" என்ற சொல் மட்டும் சுத்தமாக வரும்.

பிரான்டியைத் தாண்டியதும் வேவர்லி கல்லறைத் தோட்டம். மலை முகட்டில், கடலைப் பார்த்தபடி ஆயிரக்கணக்கான வெள்ளைக் கல்லறைகள். 1877-இல் திறந்தது. கவிஞர் ஹென்றி லாசன் இங்கேதான் 1922-இல் அடக்கமானார். அவர் கல்லறையைத் தேடிப் போகவில்லை. பாதை ஓரத்திலேயே அவ்வளவு பெயர்கள் படிக்கக் கிடந்தன. அயர்லாந்தில் பிறந்தவர், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கடலில் இறந்தவர் என்று. எங்கள் ஊர் டேனிஷ் கல்லறைகளிலும் இதே மாதிரி, பிறந்த ஊர் ஒன்று, கிடக்கிற ஊர் வேறு.

க்ளோவெல்லி நீளமாக, ஓடை மாதிரி உள்ளே நுழைந்திருக்கிற கடல். இரண்டு பக்கமும் சிமென்ட் கட்டை. அலையே இல்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையை நீருக்குள் விட்டபடி நிறையப் பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். நீல நிறத்தில் ஒரு பெரிய மீன் இங்கே ஆட்களுக்கு நடுவே பயமில்லாமல் சுற்றுமாம். புளூ க்ரோபர் என்று பெயர். இந்த மாநிலத்தின் மீன் இதுதான், ஈட்டியால் குத்திப் பிடிக்கத் தடை. கட்டையில் படுத்துப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து, நீருக்கு அடியில் நீலமாக ஒன்று நகர்ந்தது. "பெரியம்மா, அது அதான்!" என்று இவள் கத்தியதில் பக்கத்தில் இருந்த நாலு பேர் ஓடி வந்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டி நீளம் இருக்கும். மீன் விலை பேசியே வளர்ந்த ஊர்க்காரி நான். இந்த மீனைப் பார்த்தபோது விலை மனதில் ஓடவில்லை.

அடுத்து கார்டன்ஸ் பே. பாறைச் சரிவு முழுக்கச் சின்னச் சின்னப் படகுகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், நம் குப்பத்துக் கரை மாதிரி. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூஜியில் நடந்ததைத்தான் விரிவாக எழுத வேண்டும். கடற்கரைக்குத் தெற்கே, பாதையிலிருந்து படிகள் இறங்குகின்றன. கீழே மெக்ஐவர்ஸ் குளம். பாறைக்குள் கடல்நீர் நிறைந்து நிற்கிற குளம், பெண்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் மட்டும். 1922 முதல் ஒரு பெண்கள் நீச்சல் சங்கம் நடத்தி வருகிறது. ஆண்களை விடாதது பாகுபாடு என்று புகார் போய், 1995-இல் இதற்கென்றே சட்டத்தில் விலக்கு வாங்கியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு காபி விலைகூட இல்லை.

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இறங்கினேன். உள்ளே முக்காடு போட்ட இரண்டு பெண்கள் முழு உடையோடு நீரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எண்பதைத் தொடுகிற பாட்டிமார் வெயிலில் படுத்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இவள் தன் பையிலிருந்து ஒரு டி-ஷர்ட்டையும் கால்சட்டையையும் எடுத்து நீட்டினாள். காலையிலேயே எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

எங்கள் ஊரில் பெண்கள் கடலில் இறங்குவது ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும்தான். அதுவும் கணுக்கால் வரை, மிஞ்சினால் முழங்கால் வரை. நானோ இருபது வருடமாக அதுவும் இல்லை. படியைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் வைத்தேன். ஐஸ் மாதிரி தண்ணீர். அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு பாட்டி நீந்தி வந்து படிக்குக் கீழே நின்றுகொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். "டேக் யுவர் டைம், டார்லிங்" என்றார். அவசரப்படுத்தவில்லை, இழுக்கவும் இல்லை. நான் கையைப் பிடித்ததும் மெதுவாகப் பின்னால் நடந்தார். இடுப்பு, மார்பு, தோள். சுவருக்கு அப்பால் அலை உடைந்து, நுரை மட்டும் தலைமேல் சாரலாக விழுந்தது. அழுதேன். உப்புத் தண்ணீரில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் வாரத்தில் ஐந்து நாள் வருவாராம். ஏழு வயதில் அம்மாவோடு முதலில் வந்தாராம். மேலே ஏறியதும் தன் பிளாஸ்கிலிருந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். பால் இல்லாத, சர்க்கரை இல்லாத டீ. வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக டீ குடித்ததில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு: கூஜி முதல் மரூப்ரா வரை

இன்று தங்கைக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் என்னோடு வருவதாக ஏற்பாடு. எழுபது வயது. வாரம் ஒருமுறை நடக்காவிட்டால் அவருக்கு உடம்பு சரிப்படாது. எட்டு மணிக்கு ஸ்டேஷனில் சந்திப்பதாகப் பேச்சு.

கைக்கடிகாரத்தில் ஏழே முக்கால் ஆனபோது நிதானமாக ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிள்ளை, நேரம் மாத்தினது உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். போன் தானாக மாறிக்கொள்ளும். நான் பார்த்தது கைக்கடிகாரம். வீட்டில் எல்லோரும் தூக்கம். அந்த அம்மா முக்கால் மணி நேரத்துக்கு மேல் குளிரில் காத்திருந்திருக்கிறார். எனக்குக் கூனிக் குறுகிப் போயிற்று. "அதுக்கென்ன, வாங்கோ. அடுத்த ரயில் வருது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கூஜிக்குத் தெற்கே பாதை விட்டு விட்டுத்தான் இருக்கிறது. கொஞ்ச தூரம் பாறை ஓரம், அப்புறம் வீட்டுத் தெரு, மறுபடி படி. கூட்டம் சட்டென்று குறைந்துவிடுகிறது. போண்டாய்ப் பக்கம் போல அழகு என்று சொல்லமாட்டேன், ஆனால் பேசிக்கொண்டு நடக்க இதுதான் நல்ல பாதை. அக்கா 1987-இல் இங்கே வந்தவர். வந்த புதிதில் கறிவேப்பிலைக்கு எவ்வளவு அலைந்தார் என்பதில் ஆரம்பித்து, மரூப்ரா வருவதற்குள் மூன்று பிள்ளைகளின் கல்யாணத்தையும் சொல்லி முடித்தார். மரூப்ரா என்ற பெயருக்கு இடி முழக்கம் போன்ற ஓசை என்று பொருள் சொல்வார்கள். அங்கே அலை எழும்பி விழுவதைக் கேட்டால் பெயர் வைத்தவர்களின் காது புரியும்.

மேஹன் குளத்துக்கு மேலே புல்வெளியில் உட்கார்ந்து அவர் கட்டிக்கொண்டு வந்த பாணும் (நம் பிரெட்) சீனிச் சம்பலும் சாப்பிட்டோம். வெங்காயத்தை அப்படிச் சிவக்க வதக்க எனக்குப் பொறுமை வராது. நான் கொண்டுபோன உப்புமாவை அவர் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டார்.

மரூப்ராவுக்குத் தெற்கே ஒரு பெரிய நிலமுனை. அதைத் தாண்டினால் அடுத்த ஊரின் பெயர் மலபார் என்று பலகை சொன்னது. நம்பவே முடியவில்லை. போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று நடந்தால், கடலோரப் பாதையின் வாசல் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் துப்பாக்கி சுடும் மைதானம். சுடுகிற நாட்களில் பாதையை மூடிவிடுவார்கள். தூரத்தில் பட்டாசு போல வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாயோடு வந்த ஒருவர், வார நாளில் வாருங்கள், அதற்கு முன் தேசியப் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னார். பார்க்காமல் வந்தது எங்கள் பிழை. யாராவது போவதாக இருந்தால் இதைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது பசி. மரூப்ராவில் மீனும் சிப்ஸும் பத்தொன்பது டாலர். இரண்டு பேர் சாப்பிட்டும் மீந்தது. மீன் மேல் உப்பும் எலுமிச்சையும் தவிர எதுவும் இல்லை. அக்கா பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலம் எடுத்தார்.

அக்டோபர் 7, திங்கள்

தொழிலாளர் தின விடுமுறை. முழங்கால் வீக்கம், நடக்கவில்லை. வென்ட்வொர்த்வில்லில் தோசை சாப்பிடப் போனோம். விடுமுறை நாள் என்று பில்லில் பதினைந்து சதவீதம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். இங்கே அது வழக்கமாம். பரிமாறுகிறவர்களுக்கு விடுமுறைச் சம்பளம் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதால்தான் என்று தங்கை சொன்னதும் மனம் சமாதானமானது.

அக்டோபர் 8, செவ்வாய்: மலபார்

பாதை திறந்திருந்தது. மறுபடி அக்காவோடுதான் போனேன். இந்தத் தடவை அவருக்கு முன்பே போய் நின்றேன்.

ஐந்து நாளில் மிகவும் பிடித்த நடை இதுதான். சிமென்ட் இல்லை. மண்ணும் பாறையும், இடுப்பளவு புதரும். பாங்க்ஸியா என்ற செடியின் பூ, பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கடலோரம் முழுக்க இந்தப் புதர்தானாம். இப்போது துண்டு துண்டாக மிஞ்சியிருப்பதில் இது ஒன்று. வடக்கே திரும்பினால் நகரத்தின் கட்டிடங்கள் தெரிகின்றன. தெற்கே பார்த்தால் யாரும் இல்லாத பாறை முனை.

பூரா முனையில் இரண்டாம் உலகப் போருக்காக 1943-இல் கட்டிய பீரங்கித் தளம் சிதைந்து கிடக்கிறது. கான்கிரீட் முழுக்க வண்ணக் கிறுக்கல்கள். அதன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சைக்கிள் தொப்பி போட்ட ஓர் இளைஞர் ஓடி வந்து கடலைக் காட்டினார். முதலில் புகை மாதிரி ஒன்று எழுந்தது. அப்புறம் கறுப்பு முதுகு. பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு முதுகு. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் வடக்கே வெதுவெதுப்பான நீருக்குப் போய்க் குட்டி போட்டு, இந்த மாதங்களில் குட்டியோடு தெற்கே அண்டார்டிகா பக்கம் திரும்புகின்றன. அந்த இளைஞர் தன் தொலைநோக்கியை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் போதும் என்கிற வரை நின்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

இனி பெயருக்கு வருகிறேன். பாதை மலபாரில் இறங்குகிற இடத்தில் லாங் பே என்ற நீண்ட, அமைதியான குடா. அதன் வடக்குப் பாறையில் 1931 ஏப்ரல் 2 அன்று, மூடுபனியில் ஒரு கப்பல் மோதியது. மெல்போர்னிலிருந்து சிட்னி வழியாக ஜாவா, சிங்கப்பூர் போகும் கப்பல். பெயர் மலபார். ஒரு மனிதருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அடுத்த நாள் புனித வெள்ளி. ஈஸ்டர் விடுமுறைக்கு ஊரே திரண்டு வந்து கப்பல் உடைவதைப் பார்த்தது, கரை ஒதுங்கிய சாமான்களை அள்ளியது. அப்போது இந்த ஊருக்கும் லாங் பே என்றே பெயர். லாங் பே என்றாலே எல்லோருக்கும் சிறைச்சாலைதான் நினைவுக்கு வந்தது. சிறை இன்றும் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காமல், 1933-இல் கப்பலின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். நம் மேற்குக் கரையின் பெயர் கப்பலேறி வந்து, கப்பல் உடைந்து, கரையில் தங்கிவிட்டது.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா குறுக்கிட்டார். "எங்களையும் வெள்ளைக்காரன் மலபார் எண்டுதான் சொன்னவன். பழைய இலங்கைக் காகிதங்களிலை தமிழருக்கு அதுதான் பேர்." எனக்கு உடனே எங்கள் ஊர் சீகன்பால்கு ஞாபகம் வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் கற்றவர். தமிழை மலபார் மொழி என்றுதான் அவரும் அந்தக் காலத்து ஐரோப்பியரும் எழுதினார்கள். ஆக, யாழ்ப்பாணத்து மலபார் ஒருவரும் தரங்கம்பாடி மலபார் ஒருவரும் மலபாரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். அக்கா சிரித்த சிரிப்பில் குளத்தில் நீந்திய பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. காற்று திரும்பியபோது ஒரு நாற்றம் வந்தது. இந்த நிலமுனையில்தான் பெருநகரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. முன்பெல்லாம் கழிவுநீரைக் கரை ஓரத்திலேயே விட்டு, கடற்கரைகள் வெகுவாகக் கெட்டிருக்கின்றன. 1990-இல்தான் கடலுக்கடியில் குழாய் போட்டு ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். "அதுக்கு முதல் இஞ்சை குளிக்க விடமாட்டம்" என்றார் அக்கா. திமிங்கிலம் போன அதே தண்ணீர்.

இந்தக் குடாவில் ஒரு சின்னப் பாறைக் குளம் இருக்கிறது. இன்று யாரும் கை கொடுக்கவில்லை. முழங்கால் வலியோடு நானே இறங்கினேன்.

அக்டோபர் 16, புதன்: தரங்கம்பாடி

ஊர் வந்து நான்கு நாள். வடகிழக்குப் பருவமழை நேற்றுதான் தொடங்கியது. சென்னைப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது, இங்கேயும் வானம் கறுத்துக் கிடக்கிறது. காலையில் மழை விட்ட நேரத்தில் கருங்கற்களைத் தாண்டி ஈர மணலில் போய் நின்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் தங்கை ஒரு செய்தி அனுப்பினாள். கூஜி கடற்கரையில் கறுப்பு உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கரை ஒதுங்கியிருக்கின்றன, கடற்கரையை மூடிவிட்டார்கள். தார் உருண்டை என்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கூடவே ஒரு படம். நாங்கள் நடந்த மணலில் வெள்ளை உடையும் கையுறையும் போட்டவர்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

உடனே போன் செய்து, அந்தப் பெண்கள் குளத்தையும் மூடிவிட்டார்களா என்று கேட்டேன். தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். வாரத்தில் ஐந்து நாள் வருகிற அந்தப் பாட்டி இன்றைக்கு எங்கே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.